செங்கோட்டையில 6 ஞாயித்துக்கிழமை இன்ஹெரிட்டன்ஸ் படிச்ச அனுபவம் - காசு குடுக்கலாமா?

போன மாசம்தான் முடிச்சேன், அதனால எல்லாம் ஞாபகத்துல இருக்கும்போதே எழுதிடுறேன். தென்காசி பக்கம் இருக்குற செங்கோட்டை ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போயிரலாம், ஒரு பாத்திரக்கடை மாடியில ரெண்டு ரூம் எடுத்து ஒரு சார் ப்ரோக்ராமிங் சொல்லித் தர்றாரு. சென்டர் பேரை இங்க போடல, சார் விளம்பரமே வேண்டாம்னு சொல்லிட்டாரு, பாத்திரக்கடை மாடி கம்ப்யூட்டர் சார்னு கேட்டா கீழ டீக்கடையிலயே கை காட்டுவாங்க. 6 ஞாயித்துக்கிழமை, காலைல 10ல இருந்து 1 வரைக்கும், மொத்தம் 4,200 ரூபா. ஜாவாங்கிற ப்ரோக்ராமிங் மொழியோட அடிப்படை தெரிஞ்சவங்களுக்கு மட்டும். பாடம் ஒன்னே ஒன்னுதான்: இன்ஹெரிட்டன்ஸ், அதாவது ஒரு கிளாஸ்ல (ஒரு வகைப் பொருளுக்கான கோடு) இருக்குறதை இன்னொரு கிளாஸ் வாரிசு மாதிரி எடுத்துக்கிறது, குடுக்கிறது பேரன்ட், வாங்குறது சைல்ட். அதை எப்ப போடணும், எப்ப போடக்கூடாது.

6 வாரமும் இது ஒன்னுதானான்னு நானும் யோசிச்சேன். காலேஜ்ல ஒரே பீரியட்ல முடிச்ச விஷயம் இது. நாய் ஒரு மிருகம், பூனை ஒரு மிருகம், இன்ஹெரிட் பண்ண எக்ஸ்டெண்ட்ஸ்னு ஒரு வார்த்தை போடு, அவ்ளோதான்னு சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிட்டாங்க. நானும் அதை வச்சே 7 வருஷம் வேலை பாத்துட்டேன்.

நான் ஏன் போனேன்னு முதல்ல சொல்லணும், இல்லன்னா நான் இதை இவ்ளோ பாராட்டுறது புரியாது. நானும் என் கூட்டாளியும் சேர்ந்து தென்காசி பக்கம் காய்கறி மண்டிகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பண்ணிக் குடுக்கோம். எங்க பக்கத்து சரக்கு பாதிக்கு மேல புளியரை வழியா கேரளாவுக்குத்தான் போகும், ஓணம் வந்துட்டா மண்டியில ராத்திரி பகல் கிடையாது. அந்த நேரத்துல, ஒருநாள் விடியக்காலம் நாலரை மணிக்கு மண்டி அண்ணாச்சி போன் பண்ணுதாரு. "ஏ தம்பி, ஏத்துக்கூலி என்னய்யா ரெண்டு மடங்கு ஏறிக் கெடக்கு? புனலூர் பார்ட்டி போன் போட்டு கேக்கான், நான் என்ன திருடனா?"

நான் லேப்டாப்பைத் தொறந்து பாத்தேன். 46 மூட்டை, மூட்டைக்கு 12 ரூபா ஏத்துக்கூலி, 552 வரணும். பில்லுல 1,104 நிக்குது. இதுல கொடுமை என்னன்னா அந்த கூலி போடுற கிளாஸை நாங்க நாலு மாசமா தொடவே இல்ல. ஒரு எழுத்து மாத்தல. அது பாட்டுக்கு ஒழுங்கா ஓடிக்கிட்டு இருந்த கோடு. அன்னைக்கு கையால கணக்கு திருத்தி அனுப்பிட்டோம், அண்ணாச்சிகிட்ட நேர்ல போய் மன்னிப்பும் கேட்டோம், அவரு பெரிய மனுசன், "சரி விடுங்கப்பா, அடுத்த தடவை வராம பாத்துக்கோங்க"ன்னு முடிச்சிட்டாரு. ஆனா அது ஏன் வந்துச்சுன்னு எனக்கு முழுசா புரியல, அதுதான் என்னை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அப்பதான் ஒரு பையன் இந்த சென்டரைப் பத்தி சொன்னான்.

சார் திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல பல வருஷம் வேலை பாத்துட்டு வந்தவரு, வீடு ஆரியங்காவு பக்கம். தமிழ் நல்லா பேசுவாரு, அசந்தா நடுவுல மலையாளம் வந்துரும். எங்க பேட்ச்ல 14 பேரு. தென்மலை, புனலூர்ல இருந்து ரயில்ல வர்ற மலையாளப் பிள்ளைங்க அஞ்சு பேரு, அவங்க "சாரே"ன்னு கூப்பிடுவாங்க, நாங்க "சார்". தென்காசியில இருந்து ரெண்டு பொண்ணுங்க, ஒருத்தங்க கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய விட்டுட்டு இப்ப திரும்ப வேலைக்குப் போகணும்னு படிக்க வந்தவங்க, மொத்த பேட்ச்லயும் அவங்கதான் நல்லா கேள்வி கேட்டாங்க. மத்தளம்பாறையில ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி வந்ததுக்கு அப்புறம் இந்தப் பக்கத்துல ப்ரோக்ராமிங் படிக்கணும்ங்கிற ஆசை ஊர் ஊருக்கு வந்துருச்சு, ஆனா ஆழமா சொல்லித் தர்ற ஆளு கொஞ்சம்தான்.

முதல் வாரம் கோடே கிடையாது, கதைதான். 1960கள்ல ஆஸ்லோவுல நார்வேஜியன் கம்ப்யூட்டிங் சென்டர்ல ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்டுன்னு ரெண்டு பேரு, நிஜ உலகத்துல நடக்குறதை கம்ப்யூட்டர்ல நடத்திப் பாக்குறதுக்குன்னு சிமுலான்னு ஒரு மொழி பண்ணாங்க, சிமுலா 67ல தான் கிளாஸ், சப்கிளாஸ் எல்லாம் வந்துச்சு, அப்ப அதுக்கு இன்ஹெரிட்டன்ஸ்னு பேரு கூட கிடையாது, ப்ரிஃபிக்ஸ்னு சொன்னாங்க, ஒரு கிளாஸ் பேரை இன்னொன்னுக்கு முன்னாடி ஒட்டுறது. ரெண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் துறையோட பெரிய விருதான டூரிங் அவார்டு, 2001க்கானது, கிடைச்சுது. சிமுலாவை கேம்பிரிட்ஜ்ல படிக்கும்போது பயன்படுத்துன ஸ்ட்ரூஸ்ட்ரப்தான் பிறகு சி++ங்கிற மொழியைப் பண்ணாரு.

கதை எதுக்குன்னு முகம் சுளிச்சவங்களும் இருந்தாங்க. எனக்கு அதுதான் கண்ணைத் தொறந்துச்சு. ஏன்னா கதை முடிஞ்சதும் சார் எங்களை புளியரை செக்போஸ்டை கோடா எழுதச் சொன்னாரு. வண்டி ஒரு கிளாஸ். லாரி, பஸ், கார் மூணும் அதோட சைல்ட். வரிசையில நிக்கிறது எல்லாமே 'வண்டி', செக்போஸ்ட்காரனுக்கு முன்னாடி நிக்கிறது என்ன வண்டின்னு கவலையில்ல, "உன் பேப்பரைக் காட்டு"ன்னு ஒரே மெத்தடைத்தான் (கிளாஸுக்குள்ள இருக்குற ஒரு வேலை) கூப்பிடுவான், லாரின்னா லோடு பில்லை நீட்டும், பஸ்னா பர்மிட்டை நீட்டும். புதுசா ஆம்புலன்ஸ்னு ஒன்னு வந்தா செக்போஸ்ட் கோடை ஒரு வரி தொட வேண்டாம். இன்ஹெரிட்டன்ஸ் எதுக்குப் பிறந்துச்சோ அந்த இடத்துல அது எவ்ளோ அழகா உக்காருதுன்னு அன்னைக்குத்தான் பாத்தேன். நான் இத்தனை வருஷமா அதை வேற எதுக்கோ பயன்படுத்திக்கிட்டு இருந்தேன், எழுதுன கோடை திரும்ப எழுத சோம்பல்பட்டு எக்ஸ்டெண்ட்ஸ் போட்டுக்கிட்டு இருந்தேன்.

ரெண்டாவது வாரம் லிஸ்கோவ் சொன்ன விதி. பார்பரா லிஸ்கோவ்னு ஒரு கம்ப்யூட்டர் விஞ்ஞானி, 1987ல ஒரு பேச்சுல சொன்னது, பிறகு 1994ல ஜானெட் விங்கோட சேர்ந்து முறையா எழுதுனது. பேரன்ட் நிக்கிற எந்த இடத்துலயும் சைல்டைக் கொண்டு நிறுத்தினா, அங்க இருக்குற ப்ரோக்ராம் தப்பாகாம ஓடணும். நெட்ல பாத்தா எல்லாரும் சதுரம் செவ்வகம்னுதான் இதுக்கு உதாரணம் குடுப்பாங்க. சார் ஜன்னலைத் தொறந்து ஸ்டேஷனைக் காட்டுனாரு. இந்த செங்கோட்டை புனலூர் லைன் 1904ல இருந்து மீட்டர் கேஜா ஓடுச்சு, 2010ல நிறுத்துனாங்க, 2018ல பிராட் கேஜா திரும்ப வந்துச்சு, இது இங்க எல்லாருக்கும் தெரியும், எங்க ஆச்சி அந்த பழைய வண்டியிலதான் கொல்லம் போவாங்க. சார் கேட்டாரு, "மீட்டர் கேஜ் பெட்டியும் ரயில் பெட்டி, பிராட் கேஜ் பெட்டியும் ரயில் பெட்டி. சீட்டு இருக்கு, ஜன்னல் இருக்கு, சக்கரம் இருக்கு. பழைய பெட்டியைக் கொண்டு இந்தத் தண்டவாளத்துல வச்சா ஓடுமா?" ஓடாது. அது 1,000 மில்லிமீட்டர், இது 1,676. "பேரு ஒன்னா இருக்குறது போதாது தம்பி, தண்டவாளம் எதை எதிர்பார்க்குதோ அதுக்குப் பொருந்தணும்." 'இது ஒரு அது' அப்படின்னு வாயால சொல்ல முடிஞ்சா எக்ஸ்டெண்ட்ஸ் போடலாம்னுதான் நமக்கெல்லாம் சொல்லிக் குடுத்திருக்காங்க. அது பாதிதான். அந்த இடத்துல வச்சா ஓடுமாங்கிறதுதான் மீதி பாதி.

மூணாவது வாரம் மல்டிபிள் இன்ஹெரிட்டன்ஸ், ஒரு கிளாஸ்க்கு ஒன்னுக்கு மேல பேரன்ட். இதுக்கு சார் குடுத்த உதாரணத்தை நான் எங்கயும் கேட்டதில்ல. ஒருத்தன் அத்தை மகளைக் கட்டுறான். அவன் பிள்ளைக்கு அப்பா வழியா போனாலும் அதே பூட்டன், அம்மா வழியா போனாலும் அதே பூட்டன். குடும்ப மரம் வரைஞ்சா நடுவுல வைரம் மாதிரி ஒரு கட்டம் வரும், டைமண்ட் ப்ராப்ளம்னு சொல்றாங்களே அதுதான். இப்ப பூட்டன் ஒருத்தரா ரெண்டு பேரா? நமக்கு அது கேள்வியே இல்ல. ஆனா சி++ல வெர்ச்சுவல்னு சொல்லாம சும்மா இன்ஹெரிட் பண்ணா நெஜமாவே ரெண்டு பூட்டன் வந்துருவாங்க, ஒரே ஆப்ஜெக்ட்டுக்குள்ள (கிளாஸை வச்சு உண்டாக்குற பொருள்) பேரன்ட்டோட பேரன்ட் ரெண்டு காப்பி, ஒன்னுல விலைய மாத்துனா இன்னொன்னுல பழைய விலை நிக்கும். பைத்தான்ல எந்த வழி முதல்லன்னு ஒரே வரிசையா போட்டுக் குடுத்துரும், 2003ல வந்த 2.3 வெர்ஷன்ல இருந்து சி3ன்னு ஒரு முறைப்படி. ஜாவா இந்த வம்பே வேண்டாம்னு கிளாஸ்க்கு ஒரே ஒரு பேரன்ட்தான்னு வச்சுட்டு, இன்டர்ஃபேஸ் (என்னென்ன மெத்தட் இருக்கணும்னு சொல்ற பட்டியல்) மட்டும் எத்தனை வேணாலும் எடுத்துக்கோன்னு விட்டுருச்சு. மலையாளப் பிள்ளைங்க மருமக்கத்தாயத்தை எடுத்துக்கிட்டு வந்தாங்க, சொத்து மாமன்கிட்ட இருந்து மருமகனுக்கு வந்தா அது எந்த பேரன்ட்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு, அரைமணி நேரம் அதுலயே போச்சு, ஒரு நிமிஷம் கூட வீண்னு தோணல.

நாலாவது வாரத்துக்காக மட்டுமே 4,200 குடுக்கலாம். அன்னைக்கு சார், உங்க சொந்தக் கோடுல கஷ்டப்பட்டது எதாவது இருந்தா கொண்டு வாங்கன்னு சொல்லியிருந்தாரு. நான் அந்த ஏத்துக்கூலி கோடைக் கொண்டு போனேன். போர்டுல போட்டு எல்லாருமா சேர்ந்து பாத்தோம்.

எங்க பேரன்ட் கிளாஸ் பேரு பில். அதுல ரெண்டு மெத்தட். ஆட்னு ஒன்னு, ஒரு மூட்டையைச் சேர்க்கும். ஆட்ஆல்னு ஒன்னு, மொத்த லிஸ்ட்டையும் ஒரேயடியா சேர்க்கும். கூலி பில்னு ஒரு சைல்ட் எழுதுனோம், அது ரெண்டையும் ஓவர்ரைடு பண்ணி (பேரன்ட்டோடதுக்குப் பதிலா தன்னோடதை எழுதி), ஆட் வந்தா 12 ரூபா கூட்டிட்டு சூப்பரை, அதாவது பேரன்ட்டோட மெத்தடைக் கூப்பிடும், ஆட்ஆல் வந்தா எத்தனை மூட்டையோ அத்தனை 12 கூட்டிட்டு சூப்பரைக் கூப்பிடும். பாத்தா சரியாத்தான இருக்கு? சரியாத்தான் ஓடிக்கிட்டும் இருந்துச்சு. கொஞ்ச நாள் கழிச்சு என் கூட்டாளி பில் கிளாஸைச் சுத்தம் பண்ணான், ஒரே வேலையை ரெண்டு எடத்துல செய்யக்கூடாதுன்னு நல்ல எண்ணத்துலதான், பேரன்ட்டோட ஆட்ஆல் உள்ள ஒவ்வொரு மூட்டைக்கும் ஆட்டைக் கூப்பிடுற மாதிரி மாத்துனான். பேரன்ட்டை மட்டும் டெஸ்ட் பண்ணான், மூட்டை எண்ணிக்கை, சரக்கு விலை எல்லாம் கரெக்ட்டா வந்துச்சு.

ஆனா அந்த ஆட் சைல்ட்ல ஓவர்ரைடு ஆகியிருக்குல்ல. அதனால 46 மூட்டை லிஸ்ட்டா வந்தா, சைல்டோட ஆட்ஆல் முதல்ல 552 கூட்டும், பிறகு சூப்பர் போகும், அங்க இருந்து ஒவ்வொரு மூட்டைக்கும் திரும்ப சைல்டோட ஆட்டுக்கே வரும், அது இன்னொரு 552. ஒத்த மூட்டையா ஏத்துன பில்லுல தப்பே வரல, லிஸ்ட்டா ஏத்துன பில்லுல மட்டும் ரெண்டு மடங்கு. ஓணத்துக்குத்தான் எல்லாரும் லிஸ்ட்டா ஏத்துவாங்க. அதான் அத்தனை நாள் தெரியல.

அப்பன் வீட்டுச் சுவத்துல ஆணி அடிச்சா மகன் வீட்டுல விரிசல் விடுது. இதுக்கு ஃப்ரஜைல் பேஸ் கிளாஸ்னு பேரே இருக்குன்னு சார் சொன்னாரு, ஜாவாவோட ஹேஷ்செட்டை (ஒரே பொருளை ரெண்டு தடவை வைக்காத தொகுப்பு) எக்ஸ்டெண்ட் பண்ணி எண்ணிக்கை வைக்கப் போனாலும் இதே மாதிரி ரெண்டு தடவை எண்ணும்னு அங்கயே ஓட்டிக் காட்டுனாரு. ஜாவா பண்ணவங்களே ஒரு இடத்துல இன்ஹெரிட்டன்ஸைத் தப்பா போட்டாங்கன்னு ஸ்டாக் கிளாஸையும் காட்டுனாரு. ஸ்டாக்னா கல்யாண வீட்டுல அடுக்கி வச்ச தட்டு மாதிரி, மேல வைக்கணும் மேல இருந்துதான் எடுக்கணும். ஆனா அதை எந்த இடத்துலயும் சேர்க்க, எடுக்க முடியுற வெக்டர்ங்கிற கிளாஸ்ல இருந்து எக்ஸ்டெண்ட் பண்ணிட்டாங்க, அதனால வெக்டரோட மெத்தட் எல்லாம் கூடவே வந்துருச்சு, அடுக்கு நடுவுல தட்டைச் சொருகலாம், நடுவுல இருந்து உருவலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. இன்னைக்கு ஜாவா டாக்குமென்ட்லயே ஸ்டாக்குக்குப் பதிலா டெக்னு இன்னொன்னைப் பயன்படுத்துங்கன்னுதான் எழுதியிருக்கு. சொத்து வேணும்னு கேட்டா கடனும் சேர்ந்துதான் வரும், வேண்டாததை மட்டும் தள்ளி வைக்க முடியாது.

பிறகு அண்ணாச்சி கேஸையே எடுத்து கம்போசிஷன், அதாவது வாரிசா எடுக்காம தனித்தனியா எழுதி உள்ள வச்சுக்கிறதை, சொல்லிக் குடுத்தாரு. எங்க மண்டியில ஒரு பார்ட்டிக்கு கமிஷன் உண்டு, இன்னொருத்தருக்கு கூலி மட்டும், சிலருக்கு மகமையும் (கோயில், சங்கத்துக்குன்னு பிடிக்கிற சின்னத் தொகை) சேர்த்து, சிலருக்கு எதுவுமே கிடையாது. இந்த மூணையும் சைல்ட் கிளாஸா பிரிச்சா கலந்து கலந்து 8 வகை பில் வரும், நாளைக்கு சாக்குக் காசுன்னு ஒன்னு சேந்தா 16 ஆயிரும். நாங்க அப்படித்தான் போயிக்கிட்டு இருந்தோம், அஞ்சு அடுக்கு ஆழத்துக்குப் போயிருந்துச்சு. சார் சொன்னது, பில் 'ஒரு கூலி பில்' இல்ல, பில்லுகிட்ட கூலிக் கணக்கு 'இருக்கு'. கமிஷன் தனி ஆப்ஜெக்ட், கூலி தனி, மகமை தனி, மூணுக்கும் 'தொகை சொல்லு'ன்னு ஒரே இன்டர்ஃபேஸ், பில் உள்ள ஒரு லிஸ்ட்ல எது வேணுமோ அதைப் போட்டுக்க வேண்டியதுதான். அந்த வாரமே வீட்டுல உக்காந்து மாத்துனேன், மூணு ராத்திரி ஆச்சு. 11 கிளாஸ் இருந்தது 5 ஆச்சு. அண்ணாச்சி போன வாரம் புதுசா ஒரு பார்ட்டிக்கு பாதிக் கூலின்னு கேட்டாரு, இருபது நிமிஷத்துல முடிச்சுக் குடுத்தேன், முன்னாடின்னா அதுக்கு ரெண்டு நாள் எடுத்திருப்பேன்.

குறையையும் சொல்லணும்ல. அஞ்சாவது வாரம் முழுக்க டயக்ராம் வரையிறதுலயே போயிருச்சு, கட்டம், அம்புக்குறி, வெள்ளை முக்கோணம்னு, ஒரு மணி நேரத்துல முடிக்க வேண்டியது. டெஸ்டிங் பத்தி ரொம்பக் கொஞ்சம்தான் சொன்னாரு, என்னோட பிரச்சினையே சைல்டையும் சேர்த்து டெஸ்ட் பண்ணாததுதான், அதனால அது கூடுதலா வேணும்னு நேர்லயே சொல்லிட்டு வந்தேன். நோட்ஸ் முழுக்க இங்கிலீஷ், அதுவும் மங்கலான ஜெராக்ஸ். வாயால இவ்ளோ அழகா தமிழ்ல சொல்றவரு அதை ஒரு பத்துப் பக்கம் தமிழ்லயே எழுதிக் குடுத்தா எத்தனை பிள்ளைங்களுக்கு உதவும்! கடைசி வரிசையில உக்காந்தா போர்டு தெரியாது, ரெக்கார்டிங் கிடையாது, ஒரு வாரம் விட்டா விட்டதுதான்.

சாரோட ஒரு கருத்துல எனக்கு உடன்பாடும் இல்ல. ரெண்டு அடுக்குக்கு மேல எக்ஸ்டெண்ட் பண்ணவே கூடாதுன்னு அடிச்சு சொல்லுவாரு. நாம எழுதுற பில்லிங் மாதிரி கோடுக்கு அது சரி. ஆனா ஆண்ட்ராய்டுல பட்டன் எக்ஸ்டெண்ட் பண்றது டெக்ஸ்ட்வியூவை, டெக்ஸ்ட்வியூ எக்ஸ்டெண்ட் பண்றது வியூவை, அது அங்க நல்லாத்தான் வேலை செய்யுது, ஏன்னா எக்ஸ்டெண்ட் பண்றதுக்குன்னே யோசிச்சு எழுதி, என்ன மாத்தலாம் என்ன மாத்தக்கூடாதுன்னு எழுதியும் வச்சிருக்காங்க. நான் இதை ஆறாவது வாரம் எந்திரிச்சு சொன்னேன், சார் கோவப்படல, "அப்ப அளவு அடுக்குல இல்ல, எழுதுனவன் யோசிச்சானாங்கிறதுல இருக்குன்னு சொல்லுத, சரிதான்"னு போர்டுல இருந்த 2ஐ அழிச்சிட்டாரு. ஆறாவது வாரத்துல கோட்லின்ங்கிற மொழியில கிளாஸ் எல்லாம் நாமளா ஓப்பன்னு சொன்னாத்தான் எக்ஸ்டெண்ட் பண்ண முடியும், கோ, ரஸ்ட்னு ரெண்டு மொழியிலயும் கிளாஸ் இன்ஹெரிட்டன்ஸே கிடையாதுன்னு காட்டுனாரு, அது சுருக்கமா இருந்தாலும் நல்லா இருந்துச்சு.

யாரு போகலாம்? ஒரு வருஷமாவது சொந்தமா கோடு எழுதி, அதுல சிக்கி முழிச்சவங்க கண்டிப்பா போங்க. இன்டர்வியூவுக்கு நாலு டெஃபனிஷன் மனப்பாடம் பண்ணணும்னா இங்க போகாதீங்க, அதுக்கு இவரு ஆள் இல்ல. ஜாவா சுத்தமா தெரியாதுன்னா முதல்ல அதைப் படிச்சிட்டுப் போங்க, எங்க பேட்ச்ல ரெண்டு பேரு ரெண்டாவது வாரத்தோட நின்னுட்டாங்க, பாவமா இருந்துச்சு.

அடுத்த பேட்ச் ஓணம் முடிஞ்சுதான்னு சொன்னாரு. ரூம்ல ப்ளக் பாயின்ட் நாலே நாலுதான், ஞாயித்துக்கிழமை கரண்ட்டும் போகும், லேப்டாப்பை வீட்டுலயே முழுசா சார்ஜ் போட்டுக் கொண்டு போங்க. முன் வரிசை வேணும்னா 9:40க்குள்ள போயிரணும். 1 மணிக்கு முடிஞ்சதும் பிரானூர் பார்டர்ல பரோட்டா சாப்பிட எல்லாரும் சேர்ந்து போவோம், சாரும் வருவாரு, விட்டுப்போன கேள்வியை அங்க கேட்டுக்கலாம், எனக்கு மகமை ஆப்ஜெக்ட் புரிஞ்சதே அந்த டேபிள்லதான், சால்னா கிண்ணத்தையும் பரோட்டாவையும் தள்ளி வச்சு காட்டுனாரு.